திரும்பிப் பார்க்கும் நோய்

பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டு மண்டிக்கு மலைவாழை ஏற்றிப் போவது என் தொழில். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த மலைப்பாதையில்தான் ஓட்டுகிறேன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதை எழுதும்போதே, ‘நிச்சயமாகவா?’ என்று உள்ளே ஒன்று கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம். மூடுபனியில் வண்டியின் முகப்பு விளக்கு பத்தடிக்கு மேல் எட்டவில்லை. ஒரு வளைவில் பின்சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். முன்னால் போன வண்டியிலிருந்து விழுந்த வாழைத்தார்க் காம்பு நசுங்கிக் கிடந்தது. சிரித்துக்கொண்டே வந்து வண்டியை எடுத்தேன்.

அடுத்த வளைவு வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. காம்பைப் பார்த்தாய், சரி. சாலையோரச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தாயா? அடிபட்ட ஆள் சாலையிலேயே கிடப்பானா? பள்ளத்தில் உருண்டிருந்தால்?

வண்டியைத் திருப்பினேன். சுவரில் வயிற்றைச் சாய்த்துக் கீழே பார்த்தேன். பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. யாராவது முனகுகிறார்களா என்று காது கொடுத்தேன். எங்கோ தண்ணீர் விழும் சத்தம். அது தண்ணீர்தானா என்ற சந்தேகத்தோடுதான் அன்று மண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு குழியும் ஒரு ஆளாயிற்று. திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்க்கப் போகிற வழியில் இன்னொரு குழி ஏறி இறங்கும், அதையும் பார்க்கவேண்டி வரும். காலையில் இறக்கவேண்டிய தார்கள் மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தன. வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து டயரின் வரிகளைத் துடைப்பேன். துணியில் செம்மண் வரும். மண்தானா என்று மனைவியிடம் நீட்டுவேன்.

“மண்ணுதாங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“மண்ணுதான். வாங்க, சோறு ஆறிக் கெடக்கு.”

அவள் சொன்னதும் நெஞ்சின் பாரம் இறங்கும். கை கழுவி உட்காருவதற்குள் மறுபடி ஏறிக்கொள்ளும். என்மேல் உள்ள பாசத்தில் மறைக்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அவள் மிளகு பறிக்கப் போவதை விட்டுவிட்டு, சாட்சிக்காக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரத் தொடங்கினாள்.

அவளுக்குக் காய்ச்சல் கண்டு வீட்டிலிருந்த ஒருநாள், தனியாகப் போனேன். சாயங்காலம் திரும்பும்போது, காப்பிக்காட்டு வளைவில் பக்கக் கண்ணாடியில் ஏதோ நிழல் விழுந்ததுபோல இருந்தது. இறங்கித் தேடினேன். மனம் அடங்கவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் வாசலில் நின்று கேட்டேன்.

“சார், இன்னிக்கு இந்த ரோட்டுல ஆக்சிடென்ட் ஏதாச்சும் ஆச்சா?”

மேசைக்குப் பின்னால் இருந்த ஏட்டையா தலையை நிமிர்த்தினார். “ஆச்சு. உனக்கு எப்படித் தெரியும்?”

மதியம், நான் லோடோடு இறங்கிய நேரத்தில், அதே பகுதியில் எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போன ஒரு பெண்ணை யாரோ இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தார்கள். 

எனக்குப் பயம் வரவில்லை. இத்தனை மாதம் தேடியது கிடைத்துவிட்டதுபோல ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு குளிர்கிறது.

“நானா இருக்கலாம் சார்.”

“இருக்கலாம்னா? இடிச்சியா, இல்லையா?”

“தெரியல சார்.”

“என்னய்யா வெளையாடுறியா? ஆளை இடிச்சது தெரியாமயா இருக்கும்?”

அவர் கேட்கக் கேட்க என் மனது படம் வரைந்து கொடுத்தது. பனிக்குள் ஒரு சேலைத் தலைப்பு. ஒரு கை. சக்கரம் ஏறி இறங்கிய அந்த மெத்தென்ற உணர்வு. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தகவல் போய் என் மனைவி காய்ச்சலோடு ஜீப் பிடித்து வந்து சேர்ந்தபோது நான் பெஞ்சில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தேன். அவளிடமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவள் வெளியே போய் வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அந்தப் பெண்ணின் கட்டிலருகே நிறுத்தினார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பத்துக்காரி. காலில் மாவுக்கட்டு, நெற்றியில் தையல். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இவரு இல்லீங்க ஐயா. பைக்கு. ரெண்டு பொடியன்மாரு. திரும்பிப் பார்த்துட்டுத்தான் போனானுங்க.”

ஏட்டையாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தோளைத் தொட்டார். “இது போலீஸ் சோலி இல்லய்யா. வெரசா ஒரு மனநல டாக்டரைப் பாரு.”

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மனைவியிடம் கேட்டேன்: “அந்தம்மாவுக்குத் தலையிலயும் அடி. அவங்களுக்கு சரியா ஞாபகம் இருக்குமா?”

அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த வாரமே திண்டுக்கல் போனோம்.

மனநல மருத்துவர் ஒரு பெண். நான் சொன்ன எதற்கும் அவர் அதிரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“போய்ப் பாத்த பிறகு எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கீங்க?”

“அடுத்த வளைவு வரைக்கும்.”

“நூறு சதவீதம் நிச்சயம் யாருக்கும் கெடைக்காதுங்க. எனக்கும்தான். உங்க மூளை அதைக் கேட்டு அடம்பிடிக்குது. நீங்க திரும்பிப் போறப்பல்லாம், ‘ஆமா, ஏதோ ஆபத்து இருக்கு, அதனாலதான் இவன் போறான்’னு அது இன்னும் பலமா நம்புது. பாக்கப் பாக்க ஞாபகமும் கலங்கிப்போகும்.” பிறகு என் மனைவியிடம் திரும்பினார். “இனிமே கேட்டா நீங்க பதில் சொல்லக்கூடாது. கஷ்டம்தான். சொல்லாதீங்க.”

மாத்திரை கொடுத்தார். கூடவே, திரும்பிப் பார்க்காமல் ஓட்டும் பயிற்சியும் கொடுத்தார்.

பயிற்சியின் முதல் நாள் மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. ஓரிடத்தில் சக்கரம் ஏறி இறங்கியது. பக்கத்தில் மனைவி.

“என்னது அது?” என்றேன்.

அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வார்த்தை சொல்லேன்.”

அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால், பனிக்குள், ஒருவன் செத்துக்கொண்டிருந்தான். அவனை விட்டுவிட்டு நான் போய்க்கொண்டிருந்தேன். அப்படித்தான் இருந்தது, வேறு எப்படியும் அதைச் சொல்லத் தெரியவில்லை. ஸ்டியரிங் வழுக்கும் அளவுக்குக் கை வேர்த்தது. கத்தினேன், அவளைத் திட்டினேன், நிறுத்தவில்லை. அடிவாரத்தில் வெயில் வந்தபோது பயம் போயிருக்கவில்லை. ஆனால் கொஞ்சம் சலித்துப்போயிருந்தது. அதுவாகவே சலிக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

பல மாதங்கள் ஆயின. இப்போது தனியாகவே ஓட்டுகிறேன். மனைவி மறுபடி மிளகுக்குப் போகிறாள். அந்தக் குரல் வருவது நிற்கவில்லை. நான் அதற்குக் கீழ்ப்படியாமல் இருக்கப் பழகியிருக்கிறேன், சில நாள் முடியாமலும் போகிறது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி திடீரென்று சொன்னாள்: “அன்னிக்கு ஸ்டேசன்ல, நீங்க சொல்லச் சொல்ல, நானும் நம்பிட்டேங்க.”

நான் தட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

“அந்தம்மா இல்லன்னு சொன்னாங்க. இருந்தாலும்...” என்று இழுத்தாள். “இன்னமும் எப்பவாச்சும் ராத்திரி முழிப்புத் தட்டுது. நீங்க இல்லதானே? ஒரு தடவை சொல்லுங்க.”

அவள் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்த பார்வை. சொல்லிவிடலாம், ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது.

“அடுத்த தடவை நான் திண்டுக்கல் போறப்ப நீயும் டாக்டரம்மாகிட்ட பேசு,” என்றேன்.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வெள்ளனே லோடு ஏற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து கை கழுவப் போனேன்.