ரூஹெடாக் கச்சேரி

ஞாயிறு பிற்பகல். பிராங்பேர்ட் தெருக்கள் பாலைவனமாகக் கிடக்கின்றன. இந்த ஊர்ப் பாட்டு ஒன்றையாவது கேட்காமல் விமானம் ஏறுவதில்லை என்று நடக்கிறேன். பாட்டு நடக்குமென்று கேள்விப்பட்ட மூன்று மதுவிடுதிகளின் கதவிலும் ஒரே பெயர் தொங்குகிறது: ரூஹெடாக். பெரிய பாடகராகத்தான் இருக்க வேண்டும்.

டிராமுக்குக் காத்திருப்பவர் கையில் தமிழ்ப் பத்திரிகை. யாழ்ப்பாணத்துக்காரராம்.

"ரூஹெடாக் கச்சேரி எத்தனை மணிக்கு சார்?"

"ஐயோ அண்ணை, அது ஆளில்லை. இண்டைக்குப் பூட்டு எண்டு எழுதியிருக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை இந்த ஊர் ஜனங்க எதைத்தான் பார்ப்பாங்க?"

"மேல பாருங்கோ."

ஜன்னல்தோறும் தலையணையில் முழங்கையூன்றி, கிழவர்களும் கிழவிகளும் என்னையே பார்க்கிறார்கள்.

"இண்டைக்கு நிகழ்ச்சி நீங்கள்தான்."

மப்ளரைச் சரிசெய்துகொண்டு, தெருக்கோடிவரை இன்னொரு தரம் நிதானமாக நடக்கிறேன்.