கூண்டின் காலுக்கு வைத்த சில்லு

புதுப் பச்சைப் பெயிண்ட் வாடையும் புளிச்சோற்று வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

அப்பா மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களில் மூட்டை ஏற்றும் பழைய லாரி ஒன்று வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை, வெளியூர்க் கோயிலுக்குப் போகும்போது, அது எங்களுக்கு வீடாகிவிடும். இரண்டு பலகைப் படுக்கை, ஒரு ஜன்னல், தண்ணீர்ப் பானைக்கு ஒரு மூலை என்று ஆசாரி செய்துகொடுத்த மரக் "கூண்டு", பயணத்துக்குப் பயணம் புதுப் பச்சைப் பெயிண்டோடு, ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் நாலு முட்டுக்கால்மேல் நிற்கும். லாரி பின்பக்கமாக அதன் அடியில் நுழைந்ததும் கால்களைக் கழற்றி லாரியின் முதுகில் கூண்டை இறக்குவார்கள். யானைக்கு அம்பாரி கட்டுகிற மாதிரிதான், என்ன, இங்கே யானைதான் அம்பாரியைத் தேடி வரும்.

அந்த வருடம் தம்பிக்குத் திருச்செந்தூரில் மொட்டை. வீட்டில் அதிக சந்தோஷம் முத்தம்மா அத்தைக்கு. அப்பாவின் அக்கா, புருஷன் செத்து எங்களோடு இருந்தவர். கடலைப் பார்த்ததே இல்லை.

"காவேரியவிடப் பெருசாடி?" என்று என்னிடம் தினமும் கேட்பார். நான் மட்டும் என்ன பார்த்தேனா? "அக்கரையே கெடையாது அத்தை" என்று அளந்துவிடுவேன்.

கிளம்புகிற அன்று காலை, ஒரு முட்டுக்கால் தரையில் படாமல் ஆடியதால் ஆசாரி அதன் அடியில் தட்டையான கருங்கல் சில்லு ஒன்றை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நானோ பாண்டி ஆடச் சில்லு இல்லாமல் அலைந்துகொண்டிருந்தேன். வழவழவென்று அது என்னைப் பார்த்துச் சிரித்தது. இத்தனை பெரிய கூண்டுக்கு இத்தனூண்டு கல்லா கேடு என்று உருவிக்கொண்டேன். மூன்றாம் கட்டம் தாண்டுவதற்குள் லாரி வந்துவிட்டது.

"வரலாம்... வரலாம்..." என்று அப்பா கை காட்ட, டிரைவர் பின்னால் எடுக்க, சமையலறையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு அத்தை வர, லாரி முட்டி, கூண்டு அந்தக் கால் பக்கமாகச் சாய்ந்து கதவு உடைந்தது.

"ஏக்கா, இப்பதானா குறுக்க வரணும்?" என்றார் அப்பா.

"நான் சில்லு வச்சேங்களே, அத எங்க காணும்?" என்று ஆசாரி குனிந்து தேடினார்.

"சில்லு கெடக்கட்டும்யா, சகுனமே சரியில்ல" என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கி, "அண்ணி இந்தத் தடவ வீட்லயே இருக்கட்டுங்க."

ஊருக்கே வாயாடி நான். அன்றைக்கு மட்டும் சில்லின்மேல் காலை ஊன்றி, மண்ணில் அது முழுக்கப் புதையும்வரை அழுத்திக்கொண்டு நின்றேன். அத்தை குடத்தை இறக்கி வைத்தார். என் காலைப் பார்த்தார். கூண்டுக்குள்ளிருந்து தன் துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சரிசெய்து, கூண்டை ஏற்றி, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நாங்கள் கிளம்பினோம். அவர் கட்டிய புளிச்சோற்றை வழியெல்லாம் தின்றேன்; அதிலும் குறை வைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அத்தைக்கு ஒரு பாட்டிலில் கடல்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு மெதுவாக, "பாண்டியில ஜெயிச்சியாடி?"

இப்போது கூண்டும் இல்லை, லாரியும் இல்லை, அந்தக் கொல்லையில் மாடி வீடு நிற்கிறது. அத்தை கடலைப் பார்க்காமலே போய்விட்டார். பேரன் படுக்கை வைத்த வேனில் வருடா வருடம் என்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகிறான். எல்லோரும் அலையைப் பார்த்துக் கத்தும்போது, நான் என் காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.