பாதியில் வெளியேற வழியில்லாத பெட்டி

சென்னைத் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவருக்கு அந்த மென்பொருள் பிடித்துப்போயிற்று. நிரல் எழுதத் தெரியாதவர்களும் நிரல் எழுதலாம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். திரையில் கலர் கலராகப் பெட்டிகள் இருக்கும். அவற்றை இழுத்துவந்து கோடு போட்டு இணைத்தால் இயந்திரம் சொன்னபடி கேட்குமாம். கும்மிடிப்பூண்டியில் இருந்த எங்கள் ஆலையில் நிரல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடைசியில் அதை என் தலையில்தான் கட்டினார்கள். “தெரியாதவங்களுக்காகப் பண்ணினதை எதுக்கு சார் என்கிட்ட குடுக்கறீங்க?” என்று கேட்டேன். மேலாளர் சிரித்தார். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

எங்கள் ஆலையில் தண்ணீர்க் குழாய்களுக்கான வால்வுகள் செய்கிறோம். அவற்றை ஒரு தட்டில் வரிசையாகப் பொருத்தி, ஒரே பம்ப்பிலிருந்து ஒவ்வொன்றுக்கும் அழுத்தத்தோடு தண்ணீர் விட்டுக் கசிகிறதா என்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. ஒன்று கசிந்தால் அங்கேயே நிறுத்தி, அதைக் கழற்றிய பிறகுதான் மேலே போகவேண்டும். நிறுத்தாமல் பம்ப் மறுபடி ஓடினால் கசிகிற வால்வு வழியே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

ஒரே வேலையை வரிசையாக ஒவ்வொன்றுக்கும் திரும்பச் செய்வதற்கு லூப் என்று பெயர். அதிலிருந்து நடுவில் வெளியே வர பிரேக் என்று ஒரு சொல் உண்டு. நான் படித்த எல்லா நிரல் மொழிகளிலும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். இந்த மென்பொருளில் லூப்புக்குப் பச்சையாக ஒரு பெட்டி இருந்தது. வெளியே வர எந்தக் கலரிலும் பெட்டி இல்லை. காலை முழுக்கத் தேடினேன். பெட்டியின் மூலை எவ்வளவு வளைந்திருக்கலாம் என்று தேர்ந்தெடுக்க வசதி இருந்தது. பெட்டிக்குள் பூப்படம் வைக்கவும் வசதி இருந்தது.

விற்றவர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஓர் இளைஞர் பேசினார்.

“லூப்பை ஏன் மேடம் பாதியில நிறுத்தணும்? முழுசா ஓட விடுங்களேன்.”

“வால்வு கசிஞ்சா நிறுத்தணும் சார்.”

“கசியறது ரேர்தானே மேடம்?”

“கசியவே கசியாதுன்னா சோதனை எதுக்கு சார்?”

போனில் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “எல்லாம் சிம்பிளா இருக்கணும், அதான் எங்க டிசைன் பிலாசபி” என்றார். ஒரு கதவு வைக்க மறந்துபோனதற்குத் தத்துவம் என்று பெயர் வைக்கலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேறு வழியில்லாமல் நானே ஒரு குறுக்குவழி செய்தேன். லூப்புக்குள் இருந்த ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால், ‘ஏற்கெனவே கசிவு வந்ததா? வந்திருந்தால் ஒன்றும் செய்யாதே’ என்று ஒரு கேள்விப் பெட்டி போட்டேன். திரை முழுக்கக் கோடுகள் சிக்கிக்கொண்டன. சோதனை மேடையில் வேலை செய்யும் அக்கா எட்டிப் பார்த்தார். பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து புதுவாயலில் வாழ்க்கைப்பட்டவர்.

“இன்னாம்மா இது, ஒரே கேள்விய இத்தினி தபா கேட்டுக்கினு கீற?”

“வெளிய போன்னு சொல்ல வழியே இல்லக்கா. அதான் உள்ளயே சும்மா குந்துன்னு ஒவ்வொண்ணாண்டயும் சொல்லிக்கினு கீறேன்.”

“பேஜாருதான் போ” என்றார்.

அசிங்கமாக இருந்தாலும் அது வேலை செய்தது. கசிவு வந்ததும் சிவப்பு விளக்கு எரியும், பம்ப் சும்மா இருக்கும்.

அப்புறம் வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்றார்கள். முந்தின நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போக, கவரைப்பேட்டைக்கு ரயில் ஏறிய பிறகு, மேலாளர் திரையைப் பார்த்திருக்கிறார். ஒரே கேள்வி எல்லா இடத்திலும் இருப்பது அவர் கண்ணுக்கு உறுத்தியிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டார். நிரல் எழுதத் தெரியாதவர்களும் எழுதலாம் என்றால் அழிக்கவும் செய்யலாம்தானே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்தின் பிரதிநிதியும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வால்வு கசிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. லூப் அதைச் சட்டை செய்யாமல் அடுத்த வால்வுக்குப் போயிற்று. பம்ப் ஓடியது. தண்ணீர் பீய்ச்சி அவர் கோட்டு முழுக்க அடித்தது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினார்.

“உங்க சாப்ட்வேர்ல அதுக்கு வழியில்ல சார்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் அதே நிமிடம் போய்விட்டது. அவசரப் பொத்தானை அழுத்த ஓடிய அக்கா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். எழுந்துபோய் அழுத்திவிட்டுத்தான் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவரையும் வைத்துக்கொண்டு கூடிப் பேசியபோது, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ஆரம்பித்தார் மேலாளர். நான் குறுக்கிட்டேன்.

“கேள்விப் பெட்டிகளை அழிச்சது நீங்க சார். வெளியே வர வழி வைக்காதது சாப்ட்வேர் பண்ணினவங்க. அக்கா ஓடிப்போய் நிறுத்தினாங்க, அவ்வளவுதான்.”

“ஸ்க்ரீன் பாக்கக் கொஞ்சம் நீட்டா இருக்கணும்ல?” என்றார் அவர், முகம் மாறாமல். தலைமை அலுவலகத்துக்காரர் செருமினார். கவனக்குறைவு என்ற பேச்சு அதோடு நின்றது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பெட்டிகளை இனி தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தச் சோதனையைச் சாதாரண நிரல் மொழியில் எழுதினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் பிரேக், ஒரே வரி. அக்கா கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்ததும் ஒரு கசிகிற வால்வை வேண்டுமென்றே மாட்டி ஓட்டிக் காட்டினேன். சட்டென்று நின்றது. “இம்மாத்தூண்டு சமாச்சாரத்துக்கா என் கை போச்சு?” என்று கேட்டார்.

சில மாதம் கழித்து அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. உலகத்தில் யாருக்கும் தோன்றாததைக் கண்டுபிடித்ததுபோல, ‘வெளியேறும் பெட்டி’ என்று பலூன் படமெல்லாம் போட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். மேலாளர் அதை ‘சூப்பர்’ என்று எழுதி எனக்குத் தள்ளிவிட்டார். பம்ப்போடு இணைக்காமல், ஒரு வால்வு கசிந்ததாக வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். லூப் நின்றது. கூடவே மொத்த நிரலும் நின்று, கசிவைக் காட்ட வேண்டிய சிவப்பு விளக்கும் அணைந்துபோயிற்று. கணினியை மூடிவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனேன்.