அணைத்தால் மறக்கும் வரி

லுவோ ஜின்தே மடிக்கணினித் தொழிற்சாலையில் சோதனையாளராக இருபத்தேழு ஆண்டு, நான்கு மாதம் வேலை பார்த்தவர். தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அதன்பின் பதினொரு இடங்களில் விண்ணப்பித்தார். ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

2019 மார்ச் 4, திங்கள். லோங்தான் ஊரில் எங்கள் பள்ளிக்கு முப்பது பழைய மடிக்கணினிகள் தானமாக வந்தன. பொருள் பதிவேடு என் பொறுப்பு. கணினி ஆய்வகத்தில் வேலை கிடைக்குமென்று வந்த லுவோ, அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினார். வெளிச்சம் குறைக்கும் விசையை அழுத்தினால் திரையில் அளவுக்கோடு இறங்கியது, வெளிச்சம் இறங்கவில்லை. பிள்ளைகளுக்குக் கண் கூசியது. மின்கலம் எழுபது நிமிடத்தில் தீர்ந்தது.

"என்னண்ணே, கம்ப்யூட்டர் கேட்டா முப்பது டார்ச் லைட்டு குடுத்திருக்கீங்க!" என்றார் நிர்வாக அலுவலர் பெங். "அடுத்த வாரம் வியாழக்கிழமை முதல்வரம்மா பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள சரி பண்ணுங்க. ஆய்வக வேலை உங்களுக்குத்தான்."

லுவோ எட்டு நாள் தேடினார். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அந்த இயந்திரத்துக்குள் இரண்டு பிடிகள். லினக்ஸ் எதற்கும் பயன்படாத பிடியைத் திருகிக்கொண்டிருந்தது. தொடங்கும்போதே சரியான பிடியைச் சொல்ல ஒரு வரி போதும். புதன் மாலை முப்பதிலும் தொடக்கப் பட்டியலில் அந்த வரியைத் தட்டினார். விசைகள் வேலை செய்தன.

பெங் ஓடிப்போய்ப் பச்சை உறைப் பொரிப் பொட்டலங்கள் வாங்கிவந்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்தார். அதை வைத்தால் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வைத்தபின் யாரும் கை வைக்கக் கூடாது.

"இன்னும் முடியல சார். இப்ப அடிச்சது இந்த ஒரு தடவைக்குத்தான். அணைச்சா மறந்துடும். தொடக்கக் கோப்புல எழுதி, அணைச்சுப் போட்டுப் பார்க்கணும்," என்றார் லுவோ.

"ஓடுறதப் போய் நோண்டுவாங்களா? பொட்டலம் வச்சாச்சு. தொடாதீங்கண்ணே!"

வேலை பெங்கின் கையில் இருந்தது. லுவோ கையை எடுத்துக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்குக் காவலாளி வழக்கம்போல் ஆய்வகத்தின் மின்சாரத்தை நிறுத்தினார். மின்கலங்கள் தீர்ந்து எல்லாம் அணைந்தன. வியாழன் காலை 9.20க்கு முதல்வர் முன்னால் போட்டபோது முப்பதும் கண்ணைக் குத்தின.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சும்மா," என்றார் பெங். "இவருதான் கடைசி வரைக்கும் எதையாவது நோண்டணும்னு நின்னாரு."

"பதினஞ்சு நிமிஷம் குடுங்க," என்றார் லுவோ.

"நேத்தே குடுத்திருந்தமே," என்றார் முதல்வர்.

சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, லுவோ வந்தார். வரியைக் கோப்பில் எழுதினார். ஒவ்வொன்றையும் அணைத்துப் போட்டுப் பார்த்தார்; நான் ஒவ்வொன்றாகக் குறித்தேன். முப்பதும் சரி. பிற்பகல் 1.10க்குக் கிளம்பிப் போனார்.

திங்களன்று ஆய்வக வேலையில் சேர்ந்தது பெங்கின் மைத்துனர். கோளாறை நீக்கியவர் என்ற கட்டத்தில் அந்த மைத்துனர்தான் கையெழுத்திட்டார். பதிவேட்டை நீட்டியது நான்.