இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே எண்

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இன்டர்நெட் திறந்துவிட்டிருந்தார், வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்பும் டைப்பிஸ்ட்டுக்கு. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே தனி எண் வைத்து அனுப்புவார்கள். டைப்பிஸ்ட்டின் கார்டு எண்ணைக் கண்டால்தான் சர்வர் வழிவிடும்.

ஒருநாள் லைன் அடிக்கடி அறுந்துபோகிறது என்று கூப்பிட்டார்கள். போனால், டைப்பிஸ்ட் இடத்தில் புதிதாக ஒரு பெண்.

"பழைய பையன் அசிங்கப் படமா பார்த்துத் தள்ளியிருக்கான். சர்வர்ல அவன் நம்பர்தான் இருக்கு. துரத்திட்டேன்" என்றார் முதலாளி.

ஒவ்வொரு கம்ப்யூட்டராக எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேனேஜர் அறையில் கை நின்றது. அதே டைப்பிஸ்ட்டின் எண். கார்டுக்கு வந்த எண் வேறு; அதன்மேல் இதைக் கையால் அடித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் லைன் அறுந்துபோகாமல் என்ன செய்யும்? பையன் போனதும் எண்ணைத் திரும்ப மாற்றிவைக்கக்கூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. கீபோர்டில் பாக்கு எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது. மேனேஜர் பக்கத்திலேயே நின்று, "இன்னா சார், பெரிய ரிப்பேரா?" என்று சிரித்தார். விரல்களைக் கைக்குட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவே இல்லை.

"அவர் என் மச்சினன். நம்பரைச் சரிபண்ணிட்டுக் கெளம்புங்க. போனவன் பேச்சு இப்ப எதுக்கு?"

அடித்து வைத்த எண்ணை அழித்தேன். கார்டின் சொந்த எண் திரும்பி வந்தது. முதலாளி வரவழைத்த காபியைக் குடிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

பாலவாக்கத்தில் விசாரித்து அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். சொன்னதைக் கேட்டுவிட்டு, "நான் பண்ணலேன்னு எனக்குத் தெரியும் சார். எங்கம்மாகிட்ட சொல்லுங்க. எங்கூட பேசறதே இல்ல" என்றான்.

அம்மா மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். எண் சமாசாரத்தை முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

"அப்போ அந்தாளு பாத்துக்கினு, எம்புள்ள பேர்ல போட்டுட்டான். அதான நைனா?"

"அதாம்மா."

மணலில் காறித் துப்பினார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "இன்னா நின்னுகினு கீற? வா, சோறு துன்னு" என்றார்.

வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மேனேஜர் அதே அறையில்தான் இருந்தார்.