மேடில்லாத பாதை

பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் வரவேற்பறையில் அக்கா உட்கார்ந்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாற்காலியின் நுனியில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, பேருந்து மாறி வந்த களைப்போடு இருந்தாள். அதற்குமுன் காரமடையிலிருந்து என்னைத் தேடி அலுவலகத்துக்கு அவள் வந்ததே இல்லை. மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி இறங்கி வந்தேன்.

“ஒண்ணுமில்ல கண்ணு. நீ மேப்புல வேலை பாக்கறயல்ல. எங்கூர்ல மேடே இல்லாத ரோடு எங்கிருக்குதுன்னு பாத்துச் சொல்லு. மாமாவ நடக்க வெக்கோணும்” என்றாள்.

அக்காவின் கணவர் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் கொண்டுவரும் லாரியை ஓட்டியவர். மலைப்பாதையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த மனிதர். மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு, தினமும் நடக்க வேண்டும், ஆனால் ஏற்றம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் நாள் இருவரும் வீட்டுத் தெருவிலிருந்து சும்மா இறங்கி நடந்திருக்கிறார்கள். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் அது ஏற்றம் என்று அவர் நெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. பாதி வழியில், சாக்கடைமேல் இருந்த சிறுபாலத்தின் திட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வரும்வரை அக்கா அவருடைய முதுகைத் தடவியபடி நின்றிருக்கிறாள். ‘கண்ணுக்குத் தெரியாத மேடு’ என்று அதை அவள் சொன்னாள்.

என் வேலை குடிநீர்க் குழாய்த் திட்டங்களுக்கு வரைபடம் தயாரிப்பது. நிலத்தின் உயரத்தை விண்ணிலிருந்து அளந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். பெயரைப் பதிந்து, மின்னஞ்சலில் உறுதி செய்து, கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். பூமியைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் எழுதியிருக்கும். அன்று சாயங்காலம் அதைத் திறந்தபோது காரமடை முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. அதே கோப்பில் நீலகிரியும் இருந்ததால், அந்த உயரத்துக்கு முன்னால் எங்கள் ஊரின் மேடுபள்ளம் எதுவும் தென்படவில்லை. மலையை வெட்டி நீக்கிவிட்டு, ஊருக்கு மட்டும் நிறம் கொடுத்த பிறகுதான் ஒவ்வொரு தெருவும் எழுந்தும் தாழ்ந்தும் தெரிந்தது. எத்தனையோ முறை நடந்த தெருக்கள். அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சரிபார்த்தேன். வரைபடம் மேடு என்று காட்டிய ஓரிடத்தில் வெறும் தென்னந்தோப்புதான் இருந்தது. விண்ணிலிருந்து அளக்கும் கருவி மரத்தின் உச்சியையும் நிலமென்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. நாங்கள் அதிகம் போகாத பக்கத்தில், சமதளம் என்று நம்பி மாமாவையே அழைத்துப்போன சாலை, தண்டவாளத்தைத் தாண்ட ஒரு ரயில்வே மேம்பாலமாக எழுந்து நின்றது. நான் எடுத்த அளவு அந்தப் பாலம் கட்டுவதற்கு வெகுகாலம் முந்தையது.

மாமா அந்த ஏற்றம் தொடங்கும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். “மேப்புல இது இல்லீங்களா அம்மணி?”

“இல்லீங்க மாமா. பழைய அளவு.”

“மலைக்கே வண்டி ஏத்துனவன், இதுக்குப் பயந்துக்கிட்டு நிக்கறேன் பாருங்க” என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்தாள்.

கடைசியில், பாலத்துக்கு முன்பே பிரிந்து, கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு மண்பாதை கிடைத்தது. போக வர ஏற்றமே இல்லை. அக்கா ஸ்கூட்டரில் அவரை அங்கே கொண்டுபோய் இறக்கி, கூடவே நடப்பாள். நடந்து முடித்ததும் திரும்ப ஏற்றிவருவாள். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. மழைக்கால நாட்கள் தவிர ஒருநாளும் நிற்கவில்லை. நான் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை தொலைபேசியில் அக்கா, “வேற ரோடு ஏதாச்சும் இருக்குதா கண்ணு?” என்றாள். மறுபடியும் தேடினேன். இல்லை என்றேன். “செரி, இருக்கட்டும்” என்றாள். அந்தக் குரலில் எவ்வளவு சலிப்பு இருந்தது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அதே வேலி, அதே செடிகள், அவருடைய மூச்சின் சத்தத்தை எண்ணிக்கொண்டு அதே நடை.

பிறகொரு காலையில், அக்கா ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, தோட்டக்காரம்மாவோடு பேசிவிட்டுத் திரும்புவதற்குள் மாமா பாதையை விட்டுச் சாலைக்குப் போய், பாலத்தின்மேல் ஏறிவிட்டார். அவள் ஓடிப்போய்க் கீழேயிருந்து பார்த்தபோது உச்சியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தானாகவே மெதுவாக இறங்கி வந்தார். “ஏனுங்க, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே” என்று அவள் கேட்டதற்கு, “மேல இருந்து மலை நல்லாத் தெரியுது புள்ள” என்று மட்டும் சொன்னாராம். அன்று முழுக்க அக்கா அவரோடு பேசவில்லை.

அந்த மாதமே ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பாலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாளே தவிர நம்பவில்லை. காரியங்களெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பின், சமையலறையில் என்னோடு தனியாக இருந்தபோது கேட்டாள்.

“உன்ற மேப்புல அந்தப் பாலமே இல்லதான?”

“இல்லீங்க்கா.”

“அப்ப அவரு ஏறலேன்னே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

இந்த வருடம் வேறொரு திட்டத்துக்காகப் புதிய உயர அளவுகளை இறக்கினேன். இன்னும் நுணுக்கமானவை. காரமடைப் பக்கம் நகர்த்தியபோது அந்தப் பாலம் தெளிவாகத் தெரிந்தது. இருபுறமும் சரிவு, நடுவில் உச்சி. சற்று நேரம் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினேன். அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியென்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

“அதே வேலைதானுங்க்கா” என்றேன்.