அண்ணா வைத்த இரும்புப் படி

போன வருஷம் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவனந்தபுரத்தில் ஒரு மைதானத்தில் பழைய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பட்டாளத்து ஜீப்புகள், எஸ்டேட் ஜீப்புகள் என்று ஆளாளுக்குத் தேடிப் பிடித்து வாங்கிப் புதுசாக்கியவை. அதில் ஒன்று என் அண்ணா ஓட்டிய ஜீப். அதில் ஒரே ஒரு தடவை ஏறி உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்றுதான் நான் போனேன். மன்னியிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். அறுபது வயதுக்கு மேல் பொய் சொல்லிவிட்டு ஜீப் பார்க்கப் போனவள் எங்கள் பேட்டை கரமனையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. ஆபீசுக்கும் வீட்டுக்கும் போய்வந்ததோடு சரி, வேறு ஊர் உலகம் கிடையாது. அண்ணா ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தான். தெருவில் எல்லாரும் ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பட்டாளத்தில் கழித்துப்போட்ட இந்த ஜீப்பை யாரிடமோ பேசி வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறி எங்கேடா போகப்போறே, சண்டைக்கா?" என்று கேட்டார்.

சண்டைக்குப் போகவில்லை. கல்லாற்றுக்குப் போனோம். அண்ணா, மன்னி, நான். எனக்கு எப்போதும் முன் சீட்டு. மன்னி பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு வருவாள், பாவம். ஆற்றோரத்துப் பாறைகள் வரைக்கும் வண்டியை இறக்கி, நான் இறங்கி நாலு எட்டு வைத்தால் தண்ணீர் என்கிற இடத்தில் நிறுத்துவான். காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னக் கடையிலிருந்து டீயும் பழம்பொரியும் வரும். வருஷக்கணக்காக இப்படியே நடந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு என்ன குறை என்று உண்மையாகவே நினைத்தேன்.

அண்ணா திடீரென்று போய்விட்டான். ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. ஜீப் தெருக்கோடியில் மழையில் நின்று துருப்பிடித்தது. மன்னிக்கு அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. எனக்கும்தான். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டு வந்தார். நாஞ்சில் நாட்டுப் பூர்வீகம், பழைய ஜீப் என்றால் பைத்தியம். உடைத்து விற்க மாட்டேன், பழையபடி ஆக்கி ஓட்டுவேன் என்று சொன்னதால் கொடுத்தோம். வண்டி தயாரானதும் மறக்காமல் அவரே போன் செய்து, மைதானத்துக்கு வரச் சொன்னார்.

பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பச்சை பெயின்ட், கித்தான் கூரை, நெற்றியில் நம்பர். அண்ணா வாங்குவதற்கு முன்னால், பட்டாளத்தில் அது எப்படி இருந்ததோ அப்படி. சாலைக் கடைக்காரர் முகம் பூரித்துப்போயிருந்தது. "பாருங்கக்கா, ஒரு போல்ட்டு கூட வெளியே உள்ளது இல்ல. எல்லாம் ஒரிஜினலாக்கும்" என்றார். அவரே முன் சீட்டைத் துடைத்துவிட்டு, ஏறி உட்காருங்கள் என்றார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். வைப்பதற்கு ஒன்றும் இல்லை. கால் காற்றில் துழாவியது. அந்த இடத்தில் அண்ணா எனக்காக ஒரு இரும்புப் படி வெல்டு பண்ணி வைத்திருந்தான். அதில்லாமல் அந்த உயரம் என்னால் ஆகாது. எங்கே அது என்று கேட்டேன்.

அது கம்பெனி வைத்ததில்லை, பிற்பாடு யாரோ வைத்தது, அதனால் அறுத்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். பழைய இரும்போடு போய்விட்டதாம். பிறகு, "அத அறுக்கும்போ மெக்கானிக்குக்கு ஒரு சம்சயம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நெறைய பழைய வெல்டு இருந்துது. கொஞ்ச வருஷத்துக்கு ஒருக்க அந்தப் படியக் கொஞ்சமாக் கீழ எறக்கியிருக்கு. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

வயதாக ஆகக் கால் இன்னும் தளரும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. ஒவ்வொரு தடவை ஜீப்பில் ஏறியதும் அண்ணாவிடம், பார்த்தாயா, முன்னே மாதிரியே ஏறுகிறேன், டாக்டருக்கு என்ன தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். நீ யாரு, லேசுப்பட்டவளா, என்பான் அவன். பஸ்ஸில் ஏற முடியாமல் போனபோதுகூட, படியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள் என்று பஸ்காரர்களைத்தான் திட்டினேன். வண்டி அடிக்கடி வெல்டிங் கடைக்குப் போகும். ஏதோ விட்டுப்போச்சு என்பான். ஓட்டை வண்டி என்று அவனைக் கேலி செய்வேன்.

படி இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு தழும்பு இல்லை. அவர் ஓடிப்போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்தார். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். சாரமில்லே, பரவாயில்லை, முட்டுவலி, இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு ஆசையாக வேலை செய்திருக்கிற மனுஷரிடம் வேறு என்ன சொல்ல? வண்டி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. ஆட்டோவில் வரும்போது அழுதேன். அண்ணா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மன்னி பிரசாதம் எங்கே என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "நீ ஏறறச்சே அவர் ரோடைப் பார்க்கிறா மாதிரி உன் காலைத்தான் பாத்துண்டிருப்பார். உங்கிட்ட சொல்லப்படாதுன்னு என் வாயைக் கட்டிப்போட்டுட்டார்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் பீற்றிக்கொண்டு ஏறியதில்லை. என் கால் எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது இப்போது எனக்கு நன்றாகவே தெரிகிறது. அதை எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.